பெல் அடித்தால் மட்டும் வழி கிடைத்துவிடாது

போன வைகாசியில் ஒரு ஞாயிறு காலை. ரொறன்ரோவின் டொன் பள்ளத்தாக்கில், குறோதர்ஸ் வூட்ஸ் காட்டுப் பாதையால் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் திரும்பினால், முன்னால் வயதான ஒரு தம்பதி நடந்து போகிறார்கள். பெல் அடித்தேன். ஐயா பதறிப்போய் இடப்பக்கம் பாய்ந்தார், அம்மா வலப்பக்கம். நான் நடுவால் போய்விட்டேன்.

திரும்பிப் பார்த்தால் ஐயா பற்றைக்குள் விழுந்து கிடக்கிறார். ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, "ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன், என்னையறியாமல் தமிழில். முழங்கையைத் துடைத்தபடி அவரும் தமிழிலேயே கேட்டார்: "தம்பி, நீர் பெல் அடிச்சனீர்தான். ஆனா நாங்கள் எங்கை போறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் சைக்கிள் பழகியவர்களுக்கு பெல் என்றால் "விலத்து" என்று அர்த்தம். அடித்தவன் போவான், கேட்டவர் ஒதுங்குவார். அந்தப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் நான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் காட்டுப் பாதையில் பெல்லுக்கு அர்த்தம் வேறு: "நான் வருகிறேன், பயப்படாதீர்கள்." வழி விடவேண்டியவன் பெல் அடித்தவன்தான்.

விதி ஒன்றும் சிக்கலானது இல்லை. நடப்பவருக்கு சைக்கிள்காரர் வழி விடவேண்டும். குதிரைகள் போகும் பாதை என்றால் இருவருமே குதிரைக்கு விடவேண்டும். இரண்டு சைக்கிள்கள் சந்தித்தால், இறங்குபவர் நின்று ஏறுபவருக்கு வழி விடுவதுதான் பொதுவான வழக்கம். ஏற்றத்தில் ஒருமுறை காலை ஊன்றிவிட்டால் மறுபடி மிதித்து எழும்புவது எவ்வளவு கஷ்டம் என்று ஏறியவர்களுக்குத் தெரியும்.

"அவை ஒதுங்கினால் ஒரு செக்கன்தானே, நான் பிரேக் பிடிச்சால் வேகமெல்லாம் போயிடும்" என்று சக ஓட்டக்காரர்கள் சொல்வார்கள். நானும் சொன்னவன்தான். ஆனால் எழுபது வயதுக்காரர் வேரும் கல்லும் நிறைந்த சரிவில் ஒதுங்குவது ஒரு செக்கன் வேலை இல்லை. விழுந்தால் இடுப்பெலும்பு. எனக்குப் போவது கொஞ்ச வேகம் மட்டும்.

இதில் வேகக் கணக்கும் இருக்கிறது. உதிரி மண்ணிலும் ஈர இலையிலும் பிரேக் பிடித்தவுடன் சைக்கிள் நிற்காது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில்தான் ஓடவேண்டும். வளைவுக்கு அப்பால் யாரும் இல்லை என்று நினைத்து ஓடுவது சூதாட்டம். பின்னால் நண்பர்கள் வந்தால், "இன்னும் ரெண்டு பேர் வருகினம்" என்று சொல்லிவிட்டுப் போனால் நடப்பவர் நிம்மதியாக நிற்பார்.

நடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் கூட்டமாக நடந்தால் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு கதைப்போம். இரண்டு காதிலும் ஹெட்போன் போட்டால் எந்தப் பெல்லும் கேட்காது. முன்னுரிமை உங்களுக்குத்தான், ஆனால் ஒரு ஓரமாக நடந்தால் இருவருக்கும் நல்லது. சேறு என்று பாதைக்கு வெளியே மிதிக்கவும் வேண்டாம். பாதை அகலமாகும், செடிகள் சாகும். மழை பெய்து மண் ஊறிய நாளில் சைக்கிள்காரர் வீட்டில் இருப்பதுதான் மரியாதை.

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் பெரும்பாலான நடைபாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சைக்கிள் ஓடக்கூடிய பாதைகளும் நடப்பவர்களின் பொறுமையில்தான் திறந்திருக்கின்றன. முறைப்பாடுகள் கூடினால் அவையும் மூடப்படலாம்.

இப்போது வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைக்கிறேன். யாரையும் கண்டால் காலை ஊன்றி நிற்கிறேன். அநேகமானோர் சிரித்து "தாங்க்யூ" சொல்லிப் போகிறார்கள். அந்த ஐயாவையும் அம்மாவையும் மட்டும் அதற்குப் பிறகு அந்தப் பாதையில் நான் காணவில்லை. அதுதான் உறுத்துகிறது.