பிடிக்காத முயலுக்கு நான்கு கால்

விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்த குழந்தைகளின் கையிலிருந்து செல்போனை இறக்கி வைக்க, கொல்லைப்புறத்தில் "முயல் ஓடுது!" என்று ஒரு குரல் கேட்டால் போதும். ஆனால் அவர்கள் ஓடி வருவதற்குள் முயல் வேலியைத் தாண்டியிருக்கும். வாடிய முகத்தோடு திரும்பும் பிள்ளையை அப்படியே உள்ளே அனுப்பிவிடாதீர்கள். முயல் போனாலும் அதன் அடையாளங்கள் அங்கேயேதான் இருக்கும்.

முதலில் செடிகளைப் பாருங்கள். மாடு கடித்த புல் நார்நாராகப் பிய்ந்திருக்கும். முயல் கடித்த தண்டோ, கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். பக்கத்திலேயே உருண்டையான, காய்ந்த புழுக்கைகள் கிடக்கலாம்.

அடுத்து, கால் தடம். சாயங்காலம் வேலியோரம் கொஞ்சம் மணலைப் பரப்பிச் சமன் செய்துவிட்டு, காலையில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். முயல் தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழும். அதனால் பெரிய தடம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் முயல் போயிருக்கிறது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

வளை எங்கே என்று கேட்பார்கள். கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல், வளை தோண்டும் ஐரோப்பிய முயலின் வழி வந்தது. நம் ஊர்க் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டாது. புல்லுக்குள் உடம்பு பதியும் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் செய்துகொண்டு, பகலெல்லாம் அதில் அசையாமல் படுத்திருக்கும். தென்னிந்திய முயலுக்குப் பிடரியில் கறுப்புத் திட்டு உண்டு. அடையாளம் காண அது ஒன்றே போதும்.

புதருக்குள் கையை மட்டும் விட வேண்டாம். அங்கே பாம்பும் இருக்கலாம். காலில் செருப்புக்குப் பதில் ஷூ, கூடவே ஒரு பெரியவர், இரண்டும் கட்டாயம்.

முக்கியமான விஷயம் இனிதான். சில நேரம் புல்லுக்குள் குட்டி முயல் ஒன்று தனியாகப் படுத்திருக்கும். "பாவம், அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு" என்று பிள்ளைகள் தூக்கி வந்துவிடுவார்கள். உண்மையில் தாய் அதைக் கைவிடவில்லை. நரி, நாயின் கண்ணில் குட்டி பட்டுவிடக் கூடாதென்றுதான் பகலில் விலகி இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் வந்து பால் கொடுக்கும். பிறக்கும்போதே ரோமமும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும் குட்டி அதுவரை தாங்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பசும்பால் புகட்டினால்தான் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

அதனால் பார்த்த இடத்திலேயே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். வீட்டு நாயைக் கட்டிப் போடுங்கள். குட்டிக்குக் காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

ஆசைப்பட்டதைத் தொடாமல் திரும்பி வருவது குழந்தைக்குச் சுலபமில்லை. "நீ விட்டுட்டு வந்ததால்தான் அதோட அம்மா ராத்திரி வந்து அதைப் பார்க்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மறுநாள் காலை எழுந்ததும் அந்தப் பிள்ளை மணலைப் பார்க்கத்தான் ஓடும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். பிடிக்காமல் விட்ட முயல், மணலில் நான்கு கால் தடத்தையும் வைத்துவிட்டுப் போயிருக்கும்.