தொட்டுக்க என்ன?



நம் வீடுகளில் தினமும் காதில் விழுகிற கேள்வி இது. "இன்னிக்குத் தொட்டுக்க என்ன?" சோறுதான் சாப்பாடு. பொரியல், கூட்டு, வறுவல், முட்டை எல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள. இரண்டு ஸ்பூன் பொரியலை வைத்துக்கொண்டு ஒரு தட்டு சோற்றை முடித்துவிடுகிறோம். "மாவுச்சத்தைக் குறையுங்கள், லோ கார்ப் முயற்சி செய்யுங்கள்" என்று டாக்டர் சொன்னதும் நாம் திகைத்து நிற்பது இதனால்தான். சோற்றை எடுத்துவிட்டால், எதைத் தொட்டுக்கொண்டு எதைச் சாப்பிடுவது?

அதிலும் காய்கறி என்றாலே முகம் சுளிக்கிறவராக இருந்தால்?

என் அண்ணன் அப்படிப்பட்டவர். வயது 51. சாம்பாரில் கிடக்கும் கத்தரிக்காயை, தக்காளித் தோலை, கறிவேப்பிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார். சாப்பிட்டு எழும்போது தட்டைச் சுற்றி வேலி போட்டதுபோல் இருக்கும். கீரை வாசனை ஆகாது. வெண்டைக்காய் கொழகொழ. முட்டைக்கோஸ் கிட்டவே வரக்கூடாது. பிடித்தது உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், முட்டை, தேங்காய்ச் சட்னி, கெட்டித் தயிர். பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடம், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அவருடைய ஹெச்பிஏ1சி 8.4 என்று வந்தது.

பயந்துபோய், "நாளையிலிருந்து சோறே கிடையாது" என்று அறிவித்துவிட்டார். இரண்டாம் நாள் மதியம் ஒரு ஆம்லெட், ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். மூன்றரை மணிக்கு அண்ணியிடமிருந்து போன். "கை நடுங்குது, சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சு கிடக்கு, என்ன பண்றதுன்னே தெரியல." வீட்டுக் கருவியில் பார்த்தால் சர்க்கரை 58. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, அப்புறம்தான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

நடந்தது இதுதான். காலையில் வழக்கம்போல் கிளிமிபிரைடு மாத்திரை போட்டிருக்கிறார். ஒரு தட்டு சோறு வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்த மாத்திரை அது. சோறு வரவில்லை, மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளில் இருப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் வேறு விதமான ஆபத்து, ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாக இதில் இறங்கவே கூடாது. தயவுசெய்து, முதலில் உங்கள் டாக்டரிடம் போய் "சோற்றைக் குறைக்கப் போகிறேன், மாத்திரையை என்ன செய்வது?" என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அண்ணனுக்கு டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். பிறகு நாங்கள் நிதானமாக மறுபடி ஆரம்பித்தோம்.

முதலில், அவர் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 380 கிராம். 100 கிராம் சாதத்தில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அப்படியானால் ஒரு வேளைக்கு 100 கிராமுக்கு மேல். கூடவே உருளைக்கிழங்கு, அப்பளம். "நான் இனிப்பே தொடறதில்லையே" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ சப்பாத்திக்கு மாறிடறேன்" என்பது அடுத்து வந்த யோசனை. உங்கள் வீட்டிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். கோதுமையோ, கேழ்வரகோ, தினையோ, ஓட்ஸோ, எதை எடுத்தாலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூடுதலாக இருப்பது நல்லதுதான். ஆனால் ஒரு தட்டு சோற்றுக்குப் பதில் நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் என்றால், குறைந்தது என்ன?

சரி, எவ்வளவுதான் குறைக்க வேண்டும்? கீட்டோ என்ற பெயரில் ஒரு நாளைக்கு 20 கிராம், 30 கிராம் என்று எண்ணிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பண்டத்தில் எட்டை ஒதுக்குகிற ஆளுக்கு அது ஒரு வாரம்கூடத் தாங்காது. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நம் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் சொன்னது. அதே ஆய்வின் கணக்குப்படி, நம் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. இதை மொத்தக் கலோரியில் ஏறக்குறையப் பாதி என்ற அளவுக்கு இறக்கி, புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு ஏற்றினாலே நல்ல பலன் கிடைக்கும் என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள். பாதி என்பது எட்டாத உயரமா? நம் வீட்டுச் சமையலிலேயே எட்டிப் பிடிக்கக்கூடியதுதான்.

அதனால் அண்ணனுக்கு "இதெல்லாம் சாப்பிடாதே" என்ற பட்டியலை நாங்கள் கொடுக்கவே இல்லை. அவர் ஏற்கெனவே சாப்பிடுகிறவற்றை எழுதிப் பார்த்தோம். முட்டை, தயிர், தேங்காய், வேர்க்கடலை, சுண்டல், மீன் வறுவல், கோழி. பாருங்கள், பெரும்பாலும் லோ கார்ப் தட்டுக்குப் பொருந்துகிறவை! சுண்டலில் மாவுச்சத்து கணிசமாகவே உண்டு, ஆனால் கூடவே புரதமும் நாரும் இருக்கின்றன. ஒன்றாக இருந்த முட்டை இரண்டானது. மீன் துண்டு பெரிதானது. சோறு ஒரு சின்னக் கிண்ணம், அதையும் கடைசியில். உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் அன்றைக்கு அந்தக் கிண்ணத்தில் பாதிதான் சோறு. இப்போது அவர் தட்டில் சோறுதான் தொட்டுக்கொள்ள!

காய் விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டியிருந்தது. பிடிக்கவில்லை என்கிறவரை அடம்பிடிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்தவருக்கு வாயெல்லாம் கசந்தது. ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கசப்பை உணர்வதில் நாக்குக்கு நாக்கு பிறவியிலேயே வித்தியாசம் உண்டு என்பது அங்கிருந்துதான் தெரியவந்தது. கோஸ், முள்ளங்கி வகைகள் சிலருக்கு நிஜமாகவே அதிகம் கசக்கின்றன.

அண்ணனிடம் உட்கார்ந்து கேட்டபோது, அவருக்கு வெண்டைக்காயின் ருசியில் பிரச்சினை இல்லை, வழவழப்பில்தான் என்று தெரிந்தது. கழுவித் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, மெல்லிசாக நறுக்கி, மூடாமல், ஒரு ஸ்பூன் தயிர் விட்டு மொறுமொறுப்பாக வதக்கினார் அண்ணி. காலியாகிவிட்டது! கோஸை நீண்ட நேரம் வேகவைத்தால்தான் அந்த வாடை ஏறுகிறது. பொடியாக நறுக்கி, அகலமான வாணலியில் ஐந்தே நிமிடம் வதக்கி, முட்டை இரண்டை உடைத்து ஊற்றிக் கிளறி, மிளகுத் தூள் தூவினால் அதற்குப் பெயர் முட்டைப் பொரியல். முதல் இரண்டு முறை ஒதுக்கினார். நாலாவது முறை ஒதுக்கவில்லை. கீரையை இன்னும் தொடுவதில்லை. போகட்டும்.

சோற்றைக் குறைக்கும் முதல் வாரம் தலைவலி, சோர்வு, மலச்சிக்கல் வரலாம். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இல்லாதவர்கள் மோரில் உப்புப் போட்டுக் குடிக்கலாம். அந்த வாரம் குறையும் எடையில் பெரும்பகுதி உடம்பிலிருந்து இறங்கும் நீர்தான். அடுத்த வாரம் அதே வேகத்தில் குறையவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மனதை உறுத்துவது அதுதான். ஒரு மாதம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தட்டில் முட்டை, மீன், அவரைக்காய், துளி சோறு. எல்லோரும் எழுந்த பிறகு அண்ணி உட்கார்ந்தார். மீனும் காயும் தீர்ந்துபோயிருந்தன. பாத்திரத்தில் மீந்த சோற்றை எல்லாம் வழித்துப் போட்டு, ரசத்தை ஊற்றி, ஊறுகாயோடு பிசைந்தார். "வீணாப் போகுமேன்னுதான்" என்றார். மறுவாரமே வற்புறுத்தி அவரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறார்.

வீட்டில் ஒருவர் சோற்றைக் குறைத்தால், அந்தச் சோறு யார் வயிற்றுக்குப் போகிறது என்று பார்த்தீர்களா? உலையில் போடும் அரிசியைக் குறைக்காமல் தட்டில் மட்டும் குறைத்தால், அது சமைக்கிறவர் தலையில்தான் விழும். அண்ணன் வீட்டில் இப்போது அரை டம்ளர் அரிசி குறைவாகப் போடுகிறார்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்கிறார்கள். அண்ணிக்கான முட்டையும் மீனும் அவர் தட்டில் முதலிலேயே விழுந்துவிடுகின்றன.

செலவு ஆகாதா? ஆகும், மறைக்க மாட்டேன். ரேஷனில் அரிசி இலவசம். அவரைக்காயும் மீனும் இலவசமில்லை. பனீர், பாதாம் என்று போனால் கட்டுப்படியாகாது. முட்டையும் வேர்க்கடலையும் சுண்டலும் மத்தி மீனும்தான் நம் பர்ஸுக்கு ஏற்றவை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் சுமார் 7 கிராம்.

அண்ணனின் போன மாத ஹெச்பிஏ1சி 7.1. அண்ணிக்கு அடுத்த மாதம் எடுக்க வேண்டும். நானும் கூடப் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் தட்டோரம் வேலி கட்டுகிறவர் ஒருவர் இருப்பாரே! அவர் ஒதுக்காமல் சாப்பிட்ட காய் எது, அதை எப்படிச் சமைத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். எத்தனையாவது முறையில் சாப்பிட்டார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்