கையெழுத்துப் போட்ட தாத்தா அப்பாவியா?

ஜெர்மனி சரித்திரம் என்று எதை எடுத்தாலும் பிஸ்மார்க், பிஸ்மார்க், பிஸ்மார்க்தான். அப்போ பேரரசர் முதலாம் வில்ஹெல்ம்? அவர் வெள்ளை மீசை வைத்த நல்ல தாத்தாவாம். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்ட தலையாட்டி பொம்மையாம். எதற்கு இந்தக் கரிசனம்?

இந்தத் தாத்தாவுக்கு ஒரு காலத்தில் ஊர் வைத்த பட்டப்பெயர் 'சிதறுகுண்டு இளவரசர்'. 1848 மார்ச்சில் பெர்லின் மக்கள் உரிமை கேட்டுத் தெருவில் இறங்கியபோது, படையை வைத்து அடக்க வேண்டும் என்று நின்றவர். சுடச் சொன்ன உத்தரவு அவருடையது இல்லை, சரி. ஆனால் ஜனங்களின் கோபத்துக்குப் பயந்து லண்டனுக்கு ஓடியது அவர்தானே! அடுத்த வருஷமே பாடன் புரட்சியை நசுக்கப் பிரஷ்யப் படையோடு போனார். 1849 ஜூலை 23-ல் ரஸ்டாட் கோட்டை சரணடைந்தது. அதன் பிறகும் ராணுவ விசாரணை நடத்திப் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது பிஸ்மார்க் வெறும் சட்டசபை உறுப்பினர். இதையுமா அவர் தலையில் கட்டுவது?

சரி, 1862-க்கு வருவோம். கணக்குப் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ராணுவத்துக்குப் பணம் தர சட்டசபை அடியோடு மறுக்கவில்லை. கட்டாய ராணுவ சேவையை மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறையுங்கள் என்றுதான் முக்கியமாகக் கேட்டது. போர் மந்திரி ரூன்கூட சமரசத்துக்குத் தயார். முடியவே முடியாது என்றவர் ராஜா. பதவி விலகல் கடிதத்தையே எழுதி வைத்துக்கொண்டு மிரட்டினார். அந்தப் பிடிவாதத்தைக் காப்பாற்ற ஆள் தேடியபோது கிடைத்தவர்தான் பிஸ்மார்க். செப்டம்பரில் அவரை நியமித்ததும் இதே கைதான். 1866 வரை சபை ஒப்புதல் தந்த பட்ஜெட் இல்லாமலே வரி வசூல், செலவு எல்லாம் நடந்தது. காலேஜ் விழாவுக்கு வசூலித்த பணத்தைக்கூட இப்படிச் செலவழிக்க விடமாட்டோம் :-)

1866-ல் ஆஸ்திரியாவைத் தோற்கடித்த பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. போதும், நிறுத்துங்கள் என்றவர் பிஸ்மார்க். நிலத்தைப் பிடுங்க வேண்டும், வியன்னா வரை போக வேண்டும் என்று அடம்பிடித்தவர் 'பொம்மை'. கடைசியில் இறங்கி வந்தார், உண்மைதான். 1879-ல் ஆஸ்திரியாவோடு உடன்படிக்கை போடும்போதும் அப்படித்தான், மனமில்லாமல் ஒத்துக்கொண்டார். ஆனால் சம்மதம் என்ற ஒன்று தேவைப்பட்டதே, அது யாருடைய சம்மதம்?

1878 மே, ஜூன் மாதங்களில் அவரைக் கொல்ல இரண்டு முயற்சிகள் நடந்தன. முதலில் சுட்ட ஹோடல், சோஷலிசக் கட்சியிலிருந்து ஏற்கனவே நீக்கப்பட்டவர். இரண்டாவதாகச் சுட்ட நோபிலிங்கைக் கட்சி ஏவியதாக நிரூபிக்கவே இல்லை. ஆனாலும் அக்டோபரில் சட்டம் வந்தது. சங்கம், கூட்டம், பத்திரிகை எல்லாவற்றுக்கும் தடை. 1888 மார்ச் 9-ல் 90 வயதில் அவர் கண்ணை மூடியபோதும் அந்தச் சட்டம் உயிரோடுதான் இருந்தது.

"பிஸ்மார்க்கை அவரால் என்ன செய்திருக்க முடியும்?" என்று கேட்பவர்களுக்குப் பேரன் பதில் சொல்லியிருக்கிறார். 1871 அரசியல் சட்டப்படி சான்சலரை நியமிப்பதும் நீக்குவதும் பேரரசர் கையில். 1890 மார்ச்சில் 31 வயது இரண்டாம் வில்ஹெல்ம் அதே சட்டத்தை வைத்துத்தான் பிஸ்மார்க்கை வீட்டுக்கு அனுப்பினார். தாத்தாவுக்கு அந்த அதிகாரம் 17 வருஷம் இருந்தது. பயன்படுத்தவில்லை, ஏனென்றால் நடந்ததில் பெரும்பகுதி அவருக்குப் பிடித்தே இருந்தது.

கோப்லென்ஸ் நகரில் ரைன் நதிக்கரையில் குதிரை மேல் பிரம்மாண்டமாக நிற்கிறார். 1945-ல் சிதைந்துபோன சிலையை 1993-ல் மறுபடி செய்து வைத்தார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் அப்படியே ரஸ்டாட்டுக்கும் ஒரு நடை போய்வரலாம். சுடப்பட்டவர்களின் கதை அங்கே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.