கேள்வி கேட்டவனுக்கு என்ன கிடைத்தது?

'டிராபிக் தண்டர்' (2008) பார்த்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் “உங்களுக்கு நகைச்சுவை உணர்வே கிடையாதா தோழர்?” என்று கேட்க ஆள் வந்துவிடும்.

வியட்நாம் போரைப் படமெடுக்கப் போன ஹாலிவுட் நடிகர்கள் நிஜமான போதைப்பொருள் கும்பலிடம் சிக்குகிறார்கள். அவர்களில் ஒருவன் கிர்க் லாசரஸ். விருதுகளைக் குவித்த வெள்ளை நடிகன். கறுப்பின சார்ஜென்டாக நடிக்கத் தன் தோலையே கறுப்பாக்கிக்கொள்கிறான். அந்த வேடத்தில் ராபர்ட் டவுனி ஜூனியர்.

“கேலிக்கு ஆளாவது வெள்ளை நடிகனின் திமிர்தானே?” என்பார்கள். உண்மைதான். அந்தக் கேலி செல்லுபடியாவதற்குக் காரணம் ஆல்பா சினோ. பிராண்டன் டி. ஜாக்சன் நடித்த கறுப்பினப் பாத்திரம். எங்களுக்கென்று இருந்த ஒரே நல்ல வேடத்தையும் இவனிடமா கொடுத்தீர்கள் என்று லாசரஸின் முகத்துக்கு நேராகக் கேட்பவன் அவன்தான்.

திரைக்கு வெளியே நடந்தது என்ன? ஆஸ்கர் பரிந்துரை டவுனிக்குப் போனது. டவுனி மோசமாக நடித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படம் எதைக் கிண்டல் செய்ததோ, அதையே ஹாலிவுட் கூச்சமில்லாமல் செய்து காட்டியது. கறுப்பு மை பூசிய வெள்ளையருக்குப் பரிந்துரை. கேள்வி கேட்ட கறுப்பருக்கு அது இல்லை.

ஆல்பா சினோவாவது இருந்தான். 'சிம்பிள் ஜாக்' பகுதியில் அப்படியும் ஒருவர் இல்லை. அறிவுசார் குறைபாடுள்ளவராக நடித்து விருது வாங்கத் துடிக்கும் நடிகர்களைத்தான் கிண்டல் செய்தோம் என்கிறார்கள். அப்படியானால் “எங்களைப் போல நடிக்க நீ யார்?” என்று கேட்கும் ஒரு மாற்றுத்திறனாளி படத்தில் எங்கே? அந்தக் கேள்வியை மாற்றுத்திறனாளி அமைப்புகள் படத்தின் முதல் காட்சி நடந்த அரங்கின் வாசலில் நின்றுதான் கேட்க வேண்டியிருந்தது. படத்தில் வரும் ஆசியர்களின் கதியும் அதுதான். வியட்நாம் போர்ப் படங்களைப் பகடி செய்யும் இந்தப் படத்திலும் அவர்கள் துப்பாக்கி தூக்கிய கும்பல்தான்.

எனவே ஒரு பகடியை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: யாருடைய உடலை வைத்துச் சிரிக்கிறீர்களோ, அவர் அந்தக் கதைக்குள் எழுந்து பதில் சொல்ல முடிகிறதா?

இது ஹாலிவுட்டோடு முடியும் கதையில்லை. 2019இல் வந்த இந்திப் படம் 'பாலா', கறுப்பு நிறத்தை இழிவுபடுத்துவது தவறு என்று பாடம் எடுத்தது. அந்தக் கறுப்புப் பெண்ணாக நடித்தவர் பூமி பெட்னேகர், நிறத்தைக் கூட்டும் ஒப்பனையோடு. ஆல்பா சினோவின் கேள்வியை அங்கே கேட்க ஒரு பாத்திரம்கூட இல்லை.

சிரியுங்கள் தோழர்களே, தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் நடிகர் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள்.