லண்டனில் கிடைக்காத கைப்பிடி

பி.காம். படித்தவர்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வாங்கிய சாமானின் விலையில் வருஷா வருஷம் பத்து சதவிகிதம் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் 'ஸ்கிராப் வேல்யூ' என்று கொஞ்சம் மிஞ்சும். அதோடு கணக்கு முடிந்தது. அதற்கப்புறம் விலை ஏற ஆரம்பிக்கிற சாமான்களைப் பற்றி அந்தப் பாடத்தில் பேச்சே கிடையாது. உதாரணம், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்.

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்குச் சின்ன அறிமுகம். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. வடிவம் போட்டவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைச் செய்தது. 948 சி.சி. எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் மொத்த மூஞ்சியும் முன்னால் சாயும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து சாவகாசமாக வேலை பார்க்கலாம்!

தென்காசியில் என் நண்பர் ஒருவர், அப்பா விட்டுப்போன ஹெரால்டை 'ஒரிஜினல் கண்டிஷனுக்கு'க் கொண்டுவரக் கிளம்பினார். எஞ்சின் அதிகம் படுத்தவில்லை. உயிரை எடுத்ததெல்லாம் சில்லறைச் சாமான்கள்தான். வீல் கப், டிக்கியில் இருக்கும் எழுத்து, டாஷ்போர்டு ஸ்விட்ச், முக்கியமாகப் பின் கதவுக் கைப்பிடி ஒன்று.

இங்கிலாந்திலிருந்து கேட்லாக் தருவித்தார். ஹெரால்டுக்கு அங்கே இன்றைக்கும் பார்ட்ஸ் விற்கிறார்கள். ரப்பர் கிடைத்தது, விளக்கு வளையம் கிடைத்தது. பின் கதவுக் கைப்பிடி? "எந்தப் பின் கதவு?" என்று பதில் வந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. இங்கிலாந்து ஹெரால்டுக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு, 1960-களின் கடைசியில் நம் ஊரில் மட்டும் செய்தது. பாட்டியும் மாமியும் முன் ஸீட்டை மடக்கிப் பின்னால் ஏறுகிற காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள், காரணம் புரியும்.

ஒர்க்ஷாப் பெரியவர் சிரித்தார். "அண்ணாச்சி, பெருங்களத்தூர்ல செஞ்ச சாமானை லண்டன்ல போய் தேடுதீயளே!"

கடைசியில் கைப்பிடி அகப்பட்டது இலஞ்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில். அங்கே ஒரு ஹெரால்டு கோழிக்கூடாக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது. தோப்புக்காரர் காசு வாங்கவில்லை. "கோழிக்குப் புதுக் கூடு அடிச்சுக் குடுங்க, முழுக் காரையும் கொண்டு போங்க" என்றார். லண்டன் தபால் செலவைவிட இது மலிவு.

இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு, பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற தகுதியில் மூன்று யோசனைகள்.

ஒன்று, வருஷம் பார்த்து வாங்குங்கள். 1972-லிருந்து 1977 வரை ஹெரால்டின் தம்பியாக கெஸல் என்று ஒரு கார் வந்தது. எஞ்சின் அதேதான், முகம் வேறு. தம்பியின் சட்டையை அண்ணனுக்குப் போட்டால் பட்டன் சேராது.

இரண்டு, குரோம். குற்றாலச் சாரல் நமக்குச் சுகம், இரும்புக்கு யமன். துரு பிடித்த பம்பரைப் பாலிஷ் போட்டு மீட்கலாம். ஆனால் பழைய கைப்பிடிகளும் எழுத்துக்களும் பல சமயம் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். குழியைச் சுத்தம் செய்து செம்பால் நிரப்பி, அதன்மேல் நிக்கல், அதன்மேல் குரோம் ஏற்ற வேண்டும். அவசரக்காரர் பஃப் அடித்தால் குழியோடு எழுத்தும் போய்விடும். கொடுக்கும்போது எண்ணிக் கொடுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பிளேட்டிங் தொட்டியில் விழுந்த சின்னச் சாமான் சுலபத்தில் திரும்பி வராது.

மூன்று, ரேடியோ. 1960-களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாட்டரியின் பாஸிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் புது ஸெட்டை மாட்டினால் பாட்டு வராது, புகை வரும்.

இதெல்லாம் முடிந்தபின்தான் நிஜமான பிரச்னை ஆரம்பித்தது. அப்பா மாட்டியிருந்த மேல் கேரியர், முன் கண்ணாடி மேல் தகரக் குல்லா, டாஷ்போர்டில் திருமலைக்கோவில் முருகன் எதுவும் கேட்லாகில் இல்லை. கழற்றிவிடலாம் என்றார் நண்பர். பதிலுக்கு ஹீட்டர் வாங்கப் போகிறாராம். இங்கிலாந்தில் தனிக் காசு கொடுத்து மாட்டிய ஆக்ஸஸரியாம். தென்காசி வெயிலில் ஹீட்டர்!

அவருடைய அம்மா ஒரே வரியில் முடித்தார்: "ஏ ராசா, இந்தக் கேரியர் இல்லாம இந்தக் காரு குத்தாலத்துக்குப் போனதே இல்லையே!"

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கேட்லாக் சொல்வது கார் பிறந்த கதை. அது வாழ்ந்த கதையை மட்கார்டில் இருக்கும் போல்ட் ஓட்டையும், வீட்டு ஆல்பமும்தான் சொல்லும். சீஸனுக்குப் போனபோது காரோடு நின்று எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போதும். கேரியர், கண்ணாடி, வீல் கப் எல்லாம் அதில் இருக்கும். பின்புறம் தேதியும் இருந்தால், அந்த வருஷத்துக்குச் சரியான சாமான் எது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சர்க்காரும் 2021-ல் பழைய வண்டிகளுக்கென்று விதி போட்டது. ஐம்பது வயது தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருந்தால் 'விண்டேஜ்' என்று தனி நம்பர் வாங்கலாம். ஆனால் அப்புறம் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான். ஐந்தருவிக் குளியல் அதில் எந்த ரகம் என்று நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நாலு கதவு ஹெரால்டை இனி யாரும் செய்யப் போவதில்லை. காயலான் கடையில் கிலோ கணக்கில் போகிற ஒவ்வொரு கதவும் கணக்கில் ஒன்று குறைவுதான். உங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில், பரணில், அந்தக் காலத்துக் கைப்பிடியோ வீல் கப்போ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். எங்கோ ஓர் ஊரில் ஒரு மனுஷன் அதைத் தேடி லண்டனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்.

நண்பரின் காரில் கேரியர் இருக்கிறது. முருகனும் இருக்கிறார். ஹீட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் கோழிக்கூடு அடித்தாயிற்று.