மாடிப்படியின் கீழே ஒரு புனிதர்



உரோமையின் பர்பெரினி மாளிகையில் 1632-ஆம் ஆண்டு ‘சாந்த் அலெசியோ’ என்னும் இத்தாலிய இசை நாடகம் நடிக்கப்பெற்றது. இசையமைத்தவர் ஸ்தேபனோ லாந்தி. பாடல்களை இயற்றிய ஜூலியோ ரொஸ்பிலியோசி, 1667-இல் ஒன்பதாம் கிளெமெந்து என்னும் பெயருடன் பாப்பரசரானார். பெரிதும் மறக்கப்பட்டிருந்த அந்நாடகத்தை 2007-இல் பிரான்சு நாட்டுக் கான் நகரில் மெழுகுதிரி வெளிச்சத்தில் மேடையேற்றினர். நம் தெருக்கூத்தைப் போலவே பெண் வேடங்களையும் ஆடவரே புனைந்தனர்.

கதை இதுவே: துறவு பூண்டு வீட்டை நீத்த அலெக்சியார், பிச்சைக்காரராய்த் திரும்பி, தந்தையின் மாளிகைப் படிக்கட்டின் கீழ் ஒண்டி வாழ்கிறார். பெற்றோரும் மனைவியும் அவரை எண்ணி அழுகின்றனர். காலடியில் கிடப்பவரை அறியவில்லை. இறந்தபின் அவர் விட்டுச்சென்ற கடிதமே அவரை இன்னாரென உணர்த்துகிறது.

நம் ஆரணியிலும் சுற்றூர்களிலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளை நாடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நம் வீட்டுப் பின்னறைகளில் குடியிருக்கின்றனர். மாதந்தோறும் வாடகை வாங்குகிறோம், பெயரைக் கேட்டதுண்டா? பங்குக் குருவாகிய நாமும், ஆலய மதிலருகே தங்கியிருந்த ஓர் இளைஞரின் பெயரை, அவர் காய்ச்சலில் விழுந்த பின்னரே அறிந்தோம்; வெட்கினோம். கடிதம் வரும்வரை காத்திராமல், இன்றே கேட்போம்.