சான்றிதழில் இடமில்லாத உண்ணி

நார்வேயின் நூர்ட்ஃபியெல்லாவில் காட்டுத் துருவமான் ஒன்றுக்கு சி.டபிள்யூ.டி. எனும் ப்ரியான் நோய் இருப்பது 2016-இல் உறுதியானது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே நார்வேயிலிருந்து உயிருள்ள மான்கள் வருவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. 2021 ஏப்ரல் 21 முதல் விலங்கு உடல்நலச் சட்டமும், அதன்கீழ் வந்த 2020/688 விதியும் உறுப்பு நாடுகளுக்கிடையே மான்களை அனுப்பும் முறையை வகுத்திருக்கின்றன. அந்தத் தடையை ஆதரிக்கிறோம். மருந்தே இல்லாத, மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும் ப்ரியானுக்கு வேறு வழியில்லை. நம் குறை மான்களோடு போகும் உடல்நலச் சான்றிதழ் பற்றியது.

காசநோய், புருசெல்லா, நீலநாக்கு, இ.எச்.டி. எல்லாம் அதில் உண்டு. உண்ணி பரப்பும் பபீசியா இல்லை, அனாபிளாஸ்மாவும் இல்லை.

இங்கே ஆபத்து வரும் திசையைக் கவனிக்க வேண்டும். உண்ணி அரிதான வடக்கு மேய்ச்சல் நிலத்தில் பிறந்த துருவமான், ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ ஒரு பூங்கா வேலிக்குள் இறங்கியதும் ஐக்ஸோடஸ் ரிசினஸ் உண்ணி அதன்மேல் ஏறுகிறது. வேலிக்கு வெளியே ரோ மான் பபீசியா கப்ரியோலியைச் சுமந்தபடி நலமாகத் திரிகிறது. உள்ளே இருப்பது காய்ச்சலும் சிவந்த சிறுநீருமாகச் சாய்கிறது. தைலேரியா கண்ட கலப்பினப் பசுவுக்கும் நாட்டு மாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தொழுவத்தில் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

ஜெர்மனியில் 16 இடங்களில் 123 வளர்ப்புத் துருவமான்களைச் சோதித்தபோது ஏறத்தாழ நான்கில் ஒன்றில் பபீசியா டி.என்.ஏ. கிடைத்தது. 2015-இலேயே வெளியான முடிவு இது. அந்தத் தொற்றுகளில் பெரும்பாலானவை பபீசியா வெனட்டோரம், அதாவது மண்ணீரல் அகற்றப்பட்ட மனிதர்களைத் தாக்கியதாகப் பதிவான இனம். நெதர்லாந்தில் வளர்ப்புத் துருவமான்களிடையே கப்ரியோலி நோயாகவே வெடித்ததும் பதிவாகியிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் ஒன்றியத்தின் நோய்ப் பட்டியலில் பபீசியோசிஸ் இல்லை. உலக விலங்கு நல அமைப்பின் பட்டியலோ மாடு, குதிரை ஆகியவற்றின் நோயோடு நின்றுவிடுகிறது.

பட்டியலில் இல்லாததால் யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. அறிவிக்காததால் கணக்கு இல்லை. கணக்கு இல்லை என்பதையே காரணமாகக் காட்டிப் பட்டியலில் சேர்க்காமல் இருக்கிறார்கள். மாட்டிறைச்சி வணிகத்தைத் தொடும் நோய் என்றால் பிரஸ்ஸல்ஸில் வாரக்கணக்கில் கூட்டம் நடக்கும். ஒரு பூங்காவில் நாலு மான் செத்தால் "பயணக் களைப்பு", "தீவன மாற்றம்" என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். கீம்சா சாயமும் ஒரு கண்ணாடித் தகடும் போதும், விடை அன்று மாலையே தெரிந்துவிடும். அந்தத் தகட்டைக் கேட்கும் ஒரு வரியைச் சேர்க்க ஒழுங்குமுறை அதிகாரிகளுக்கு மனமில்லை என்பதுதான் நம் ஆற்றாமை.

இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். மானை ஏற்றும் முன்பும், வந்திறங்கிய முதல் உண்ணிப் பருவத்திலும் இரத்த ஸ்மியரும் பி.சி.ஆரும் கட்டாயமாக்கப்பட வேண்டும். பபீசியா மருந்தான இமிடோகார்ப்பின் அளவையும் விலகல் காலத்தையும் மாட்டிலிருந்து கடன் வாங்கி மருத்துவர் தம் பொறுப்பில் ஊகிக்கும் நிலை மாற, மானுக்கென அதிகாரபூர்வ வழிகாட்டல் வேண்டும். அதுவரை இறந்த ஒவ்வொரு மானின் மண்ணீரல் ஸ்மியரையும் பார்த்து, எதிர்மறை முடிவு உட்பட இவ்விதழுக்கு எழுதுங்கள். பக்கம் ஒதுக்குகிறோம்.